கடாரத்து மலையும் காலடி வயலும்

கேள்வி: ராஜேந்திர சோழனைக் 'கடாரம் கொண்டான்' என்கிறார்களே, அந்தக் கடாரம் எங்கே இருக்கிறது? அங்கேயும் நெல் விவசாயம் உண்டா?

பதில்: மலேசியாவின் வடமேற்குக் கடற்கரையில் இருக்கும் கெடா மாநிலம்தான் பழைய கடாரம் என்பது பெரும்பாலான வரலாற்று ஆய்வாளர்களின் முடிவு. நெல் விவசாயம் உண்டா என்றால், அந்த நாட்டிலேயே அதிகமாக நெல் விளையும் பகுதிகளில் அதுவும் ஒன்று. தமிழ்நாட்டில் தஞ்சாவூருக்குச் சொல்வதைப் போலவே, மலேசியாவில் கெடாவை 'நெற்களஞ்சியம்' என்று சொல்கிறார்கள். அந்த வயல்வெளியின் தெற்கு ஓரத்தில், கடலை ஒட்டித் தனியாக நிற்கிறது ஒரு மலை. பெயர் குனோங் ஜெராய். மலாய் மொழியில் 'குனோங்' என்றால் மலை. உயரம் 1,217 மீட்டர், அதாவது ஏறக்குறைய 4,000 அடி. கடாரத்தின் கதை இந்த மலையிலிருந்துதான் தொடங்குகிறது.

சுற்றிலும் தாழ்ந்த நிலம் என்பதால், கடலில் வெகுதூரத்தில் வரும்போதே மலை கண்ணில் படும். திசைகாட்டும் கருவி இல்லாத காலத்தில் வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அதுதான் கரையின் அடையாளம். தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே போன கப்பல்கள், திரும்புவதற்கு வடகிழக்குப் பருவக்காற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு நல்ல குடிநீரும், விறகும், புயலுக்கு ஒதுங்க ஆற்றுமுகமும் வேண்டும். மூன்றும் இந்த மலையடிவாரத்தில் இருந்தன. மெர்போக், மூடா ஆறுகளின் கரையில் துறைமுக ஊர்கள் வளர்ந்தது அப்படித்தான்.

அந்த ஊர்களின் மிச்சம் இன்று 'பூஜாங் பள்ளத்தாக்கு' எனப்படும் பகுதியில் கிடைக்கிறது. இந்து, பௌத்தக் கோயில்களின் அடித்தளங்கள் பல அங்கே வெளிப்பட்டுள்ளன. கல்லாலும் செங்கல்லாலும் அடித்தளம் போட்டு, மேலே மரத்தூண் நட்டுக் கூரை வேய்ந்திருக்கிறார்கள். மரம் மக்கிப் போனது. தூண் நின்ற கற்கள் மட்டும் இருக்கின்றன. சுங்கை பத்து என்ற இடத்தில் இரும்பு உருக்கிய உலைகளும், துருத்திக் காற்றை உலைக்குள் விட்ட மண்குழாய்களும் ஏராளமாகக் கிடைத்துள்ளன.

ராஜேந்திரனின் கப்பற்படை 1025 வாக்கில் இங்கே வந்தது. ஆனால் உறவு சண்டையோடு முடிந்துவிடவில்லை. சண்டையில் தொடங்கவும் இல்லை. அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்டினான். அதன் செலவுக்காக ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை ராஜராஜ சோழன் எழுதிக்கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. கடாரத்தான் கட்டிய விகாரத்துக்குப் படியளந்தது சோழநாட்டு உழவர்களின் நெல்.

இனி வயலுக்கு வருவோம். மலைக்கு வடக்கே இன்று பச்சைப் பாயாகத் தெரியும் சமவெளி, ஆறுகள் கொண்டுவந்த வண்டல் படிந்து உண்டானது. பெரும்பகுதி சதுப்பாகவே கிடந்தது. 1885இல் வான் முகமது சமான் என்ற கெடா அமைச்சர், அலோர் ஸ்டார் நகரிலிருந்து மலையடிவாரத்துக் குருன் வரை ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். நீளம் சுமார் 35 கிலோமீட்டர். இயந்திரம் கிடையாது; மண்வெட்டியும் கூடையும்தான். இரவில் வரிசையாகத் தீப்பந்தம் நட்டு, மலையைக் குறிவைத்து நேர்கோடு பிடித்தார்கள் என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். சதுப்பு நீர் வடிந்தது, இருகரையிலும் நடவு ஏறியது. 1970 வாக்கில் மூடா, பெடு அணைகள் வந்த பிறகு ஒருபோகம் இருபோகமானது.

இருபோகத்துக்கான தண்ணீர் அணையிலிருந்து வந்தாலும், மலையை ஒட்டிய ஊர்களுக்கு மலையின் ஓடைகளே ஆதாரம். கடற்காற்று சரிவில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மழையாகிறது. காட்டில் விழும் மழையை இலைச்சருகும் வேரும் பிடித்து வைத்து மெல்ல விடுகின்றன. மழை நின்ற பிறகும் ஓடை ஓடுவது அதனால்தான்.

அதே மலைதான் 2021 ஆகஸ்ட் 18 அன்று அடிவார ஊர்களைக் கலங்கடித்தது. உச்சியில் கொட்டிய பெருமழையில் சரிவுகள் பெயர்ந்து ஓடைகளில் விழுந்தன. பாறையும் மரமும் சேறுமாகத் திரண்ட வெள்ளம் யான் மாவட்டத்து வீடுகளுக்குள் புகுந்தது. ஓடையில் குளிக்கப் போனவர்களும் சிக்கினார்கள், உயிர்கள் போயின. இப்படித் திடீரென வரும் வெள்ளத்தை மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயேர்', அதாவது 'தண்ணீர்த் தலை' என்பார்கள். தமிழ்நாட்டில் காட்டாற்று வெள்ளம் என்பதும் இதைத்தான்.

மனிதர் கையாலும் இழப்பு உண்டு. 2013இல் அங்கே வீட்டுமனை வேலை நடந்த ஓரிடத்தில் பழைய கோயில் அடித்தளம் ஒன்று இடிக்கப்பட்டது தெரியவந்து, பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பல நூற்றாண்டு மழைக்கும் வெயிலுக்கும் தாங்கிய கல், ஒரு பொக்லைன் இயந்திரத்துக்குத் தாங்கவில்லை.

மலையடிவாரத்தில் நிலம் வைத்திருக்கும் எவருக்கும் கடாரத்து மலையிடம் பாடம் உண்டு. சரிவில் காடு நின்றால் ஓடையில் தண்ணீர் நிற்கும். ஆனால் காடு இருக்கிறதே என்ற தைரியத்தில் ஓடைப் புறம்போக்கில் வீடோ மாட்டுக்கொட்டகையோ போடக்கூடாது. பெருமழையில் காட்டுச் சரிவும் பெயரும். தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலை உச்சி கறுத்திருந்தால் ஓடையில் இறங்க வேண்டாம். தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் அடித்து வந்தாலோ, மேலே உறுமல் சத்தம் கேட்டாலோ, பம்புசெட்டை எடுக்கப் போகாமல் உடனே பக்கத்து மேட்டில் ஏறிவிட வேண்டும். பம்புசெட்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.