"தற்காலிகம்" என்னும் புரட்டு

இங்கிலாந்து தேசத்தில் குழந்தை குட்டிகளோடு வீடிழந்து நிற்கும் குடும்பங்களுக்கு, அந்தந்த ஊர் ஸ்தல ஸ்தாபனமாகிய கவுன்சிலே இருக்க இடம் கொடுத்தாக வேண்டுமென்று 1977-ம் வருஷத்தில் சட்டம் செய்தார்கள். அதற்கு முன் பல ஊர்களில் தாயையும் பிள்ளைகளையும் மட்டும் விடுதியில் சேர்த்துக் கொண்டு, புருஷனை வெளியே நிறுத்தி விடுவது வழக்கம். 1966ல் "கேத்தி கம் ஹோம்" என்ற டெலிவிஷன் நாடகத்தில் இந்தக் கொடுமையைக் கண்ட பிறகே அந்நாட்டார் பலருக்கு உணர்ச்சி வந்தது. ஆகவே அச்சட்டம் வந்தது நல்லது என்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை.

ஆனால் சட்டப்படி முதலில் கிடைப்பது வீடல்ல. நிலையான வீடு கிடைக்கும் வரையில் தங்குவதற்கு ஒரு "தற்காலிக" இடம். இந்தத் தற்காலிகம் என்பது எத்தனை நாளைக்கு என்று கேட்டால்தான் புரட்டு வெளியாகும். குழந்தைகளுள்ள குடும்பத்தைத் தனியார் ஓட்டல் அறையில் 6 வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று 2003ல் ஓர் உத்தரவு போட்டார்கள். போட்டவர்களே, கவுன்சிலுக்குச் சொந்தமான விடுதி இந்தக் கணக்கில் சேராது என்று ஒரு சந்தும் வைத்தார்கள். ஓட்டலிலிருந்து விடுதிக்கும், விடுதியிலிருந்து வேற்றூர் வாடகை அறைக்கும் மாற்றி மாற்றித் தள்ளிக் கொண்டிருந்தால் உத்தரவும் மீறப்படாது, குடும்பமும் வீட்டைக் காணாது. லண்டன் பட்டணத்தில் 5 வருஷத்துக்கு மேலாகத் "தற்காலிகமாக" இருப்பவர்கள் அநேகர்.

2025 மார்ச்சு முடிவில் இங்கிலாந்தில் இந்நிலையிலிருந்த குடித்தனங்கள் சுமார் 1,31,000. அவற்றிலிருந்த குழந்தைகள் சுமார் 1,69,000. சமையலுக்குப் பொது அடுப்பு, குளிக்கப் பொது அறை, பிள்ளைகள் பாடம் எழுதுவதும் சாப்பிடுவதும் தூங்குவதும் ஒரே கட்டிலில். கைக்குழந்தைக்குத் தொட்டில் போட இடமில்லாமல் பெரியவர்களோடு படுக்க வைக்கிறார்கள். 2019 முதல் 2024 வரையிலான 5 வருஷங்களில் 74 குழந்தைகளின் மரணத்துக்கு இத்தகைய இடத்தில் வாழ்ந்ததும் ஒரு காரணமென்று அந்நாட்டுக் குழந்தை மரணக் கணக்கே சொல்லுகிறது. அவர்களில் 58 பேர் ஒரு வயது நிரம்பாதவர்கள். இதைத் தலைவிதி என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

வீடு இல்லை என்கிறார்களே, ஏன் இல்லை? 1950களின் ஆரம்பத்தில் கிரேட் பிரிட்டனில் கவுன்சில்கள் வருஷத்துக்கு 2 லட்சம் வீடுகளுக்கு மேல் கட்டின. 1980ல் தாட்சர் அம்மையார் சர்க்கார், குடியிருப்பவர்களே பாதி விலை வரை தள்ளுபடியில் கவுன்சில் வீட்டை வாங்கிக் கொள்ளலாமென்று சட்டம் செய்தது. இதுவரை இங்கிலாந்தில் விற்றுப் போனவை சுமார் 20 லட்சம் வீடுகள். வாங்கிய ஏழைகளை நாம் குறை சொல்லவில்லை. விற்ற பணம் முழுவதையும் கொண்டு புதிய வீடு கட்டக் கவுன்சில்களை விடவில்லையே, அதைத்தான் கேட்கிறோம். 1990களின் முடிவில் கவுன்சில்கள் கட்டியது வருஷத்துக்குச் சில நூறு வீடுகள்தான். வெளிதேசத்தார் வந்து பிடுங்கிக் கொண்டார்கள் என்று கூச்சலிடும் கூட்டமொன்று அங்கும் உண்டு. 20 லட்சம் வீடுகளை விற்கச் சொன்னவர்கள் வெளிதேசத்தாரா?

கட்டாமல் மிச்சம் பிடித்த பணமாவது மிஞ்சியதா? அதுவுமில்லை. 2023-24ல் மட்டும் இங்கிலாந்துக் கவுன்சில்கள் தற்காலிக இடங்களுக்குச் செலவிட்டது சுமார் 230 கோடி பவுன். இதில் பெரும் பகுதி ஓட்டல்காரனுக்கும் அறை வாடகைக்காரனுக்கும் போய்ச் சேர்கிறது. அடுத்த வருஷம் கையில் ஒரு செங்கல்கூட மிஞ்சுவதில்லை.

இதைவிட நமக்கு அருவருப்பாயிருப்பது "வேண்டுமென்றே வீடிழந்தவர்" என்று அச்சட்டத்திலேயே உள்ள ஒரு வார்த்தை. வாடகை பாக்கி விழுந்து வெளியேற்றப்பட்டவனைக்கூட, செலுத்தியிருக்கலாமே என்று காரணம் காட்டி இந்தப் பட்டியலில் தள்ளி, நீடித்த பொறுப்பைக் கவுன்சில் கைகழுவி விடலாம். 1834-ம் வருஷத்து ஏழைகள் சட்டமும் இதே புத்தியில்தான், ஏழை சோம்பேறியாயிருப்பான் என்று எண்ணி வேலைவிடுதியில் அடைத்தது. சட்டத்தின் பெயர் மாறிற்றே தவிர, ஏழையைச் சந்தேகிக்கும் புத்தி மாறவில்லை.

சரி, பல வருஷம் காத்திருந்து நிலையான வீட்டுக்கு முறை வந்தால் அங்கேயும் ஒரு கண்ணி. வாரந்தோறும் காலி வீடுகளின் பட்டியல் வரும். அதற்கு விண்ணப்பிப்பதை "ஏலம் கேட்பது" என்கிறார்கள். (பணமில்லாதவனுக்கு ஏலமாம்!) கடைசியாகக் கவுன்சில் காட்டும் வீட்டை, ஈரச் சுவர், தூரம், மாடிப்படி என்று சொல்லி ஒருவர் மறுத்து விட்டால், அது ஏற்ற வீடுதான் என்று கவுன்சில் கருதுகிற பட்சத்தில் பொறுப்பு அத்துடன் தீர்ந்தது என்று எழுதி அனுப்பி விடுவார்கள். தற்காலிக இடமும் போய்விடும். 2012 முதல் அப்படிக் காட்டுவது கவுன்சில் வீடாக இருக்க வேண்டுமென்பதுகூட இல்லை. தனியார் வாடகை வீடாகவும் இருக்கலாம்.

ஆனால் அதே சட்டத்தில் மற்றொரு வழியும் உண்டு. அதைப் பலருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வீட்டை ஒப்புக்கொண்டு குடிபோய் விட்டு, இது எங்களுக்கு ஏற்றதல்ல, மறுபரிசீலனை செய்யுங்கள் என்று 21 நாளைக்குள் எழுதிக் கேட்கலாம். கேட்டதற்காக, குடிபோன வீட்டை விட்டு வெளியேற்ற முடியாது. அங்கே உறவினரோ சிநேகிதரோ இந்நிலையிலிருந்தால், தோழர்கள் இந்த 21 நாள் கணக்கை இன்றே ஒரு கடிதத்தில் எழுதி அனுப்புங்கள்.