வரி வாங்கும் கம்ப்யூட்டர் கணக்கும் காட்டட்டும்!

சொத்து வரி கட்ட இன்று வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மாநகராட்சி முதல் ஊராட்சி வரை இணையத்திலேயே கட்டிவிடலாம். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோர், சுய சான்றின் பேரில் உடனே அனுமதி பெறும் வசதியும் 2024 ஜூலையில் தமிழகத்தில் வந்துவிட்டது. வரவேற்கிறோம்.

ஆனால் ஒரு கேள்வி. நம்மிடம் பணம் வாங்க இத்தனை வேகம் காட்டும் கம்ப்யூட்டர், அந்தப் பணம் போன வழியைச் சொல்ல மட்டும் ஏன் தயங்குகிறது?

நமது வார்டு சாக்கடைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள்? ஒப்பந்தக்காரர் யார்? பேருந்து நிலையக் கடைகள் எப்போது ஏலத்துக்கு வருகின்றன, எவ்வளவுக்குப் போயின? அடக்கஸ்தலச் சுற்றுச்சுவர் கோரிக்கை மன்றத்தில் வைக்கப்பட்டதா, குப்பைக் கூடைக்குப் போனதா?

பெரும்பாலான ஊர்களில் இதற்கு விடை வேண்டுமானால் கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். இல்லையேல் 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமை மனுப் போட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். பதில் வரும்போது ஏலம் முடிந்திருக்கும். கடை வேறொருவர் கைக்குப் போயிருக்கும்.

நாம் கேட்பது சலுகை அல்ல. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: மக்கள் கேட்பதற்கு முன்பே அலுவலகங்கள் தாமாகத் தகவல்களை வெளியிட வேண்டும், இணையம் உள்ளிட்ட வழிகளில் தர வேண்டும், உள்ளூர் மொழியையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

முடியாத காரியமா? பக்கத்திலுள்ள கேரளத்தைப் பாருங்கள். உள்ளாட்சிகளைக் கணினிமயமாக்க 1999இலேயே ‘இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன்’ தொடங்கினார்கள். பிறப்பு, இறப்புப் பதிவுக்கு ஒரு மென்பொருள், வரிக்கு ஒன்று, திட்டப் பணிகளுக்கு ஒன்று என உருவாக்கினார்கள். மன்றக் கூட்டத்தின் அஜெண்டாவையும் தீர்மானங்களையும் பதிவு செய்யவே ‘சகர்மா’ என்று தனி மென்பொருள் செய்தார்கள். 2024 ஜனவரி 1 அன்று ‘கே-ஸ்மார்ட்’ என்ற பொது ஏற்பாடு நகரங்களில் வந்தது. 2025இல் கிராமங்களுக்கும் சென்றது.

மத்திய அரசின் ‘இ-கிராம் ஸ்வராஜ்’ 2020 ஏப்ரலில் வந்தது. கிராம ஊராட்சியின் திட்டத்தையும் வரவு செலவையும் அதில் யாரும் பார்க்கலாம். ஆனால் நகராட்சி, பேரூராட்சிகள் அதில் இல்லை. நம் மக்களில் பெரும் பகுதியினர் வசிப்பதோ நகரங்களில்!

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. 2016 முதல் 2022 வரை தமிழக நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர்களே முடிவெடுத்தார்கள். கேள்வி கேட்க உறுப்பினரும் இல்லை. கணக்கும் கண்ணில் படவில்லை என்றால் மக்கள் எங்கே போவார்கள்?

எனவே நாம் கோருவது இவைதான்:

மன்றக் கூட்டத்தின் அஜெண்டா, கூட்டத்துக்கு முன்பே இணையத்தில் வர வேண்டும். தீர்மானங்கள் ஒரு வாரத்துக்குள் வார்டு வாரியாக வர வேண்டும். கடை ஏலமும் டெண்டரும் முன்கூட்டியே வெளியாக வேண்டும். யாருக்கு, எவ்வளவுக்கு என்ற விவரமும் வர வேண்டும். கோணலாக எடுத்த போட்டோ நகல் போதாது. தேடினால் கிடைக்கும்படி, பார்வையற்றோரின் செல்போன் வாசித்துச் சொல்லும்படி ஒருங்குறித் தமிழில் இருக்க வேண்டும். செல்போன் இல்லாத முதியவருக்காக அதே தாள் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும்.

இளைஞர்களே! உங்கள் கையிலுள்ள செல்போனில் உங்கள் ஊராட்சியின் கணக்கை இன்றே திறந்து பாருங்கள். போடாத ரோட்டுக்குப் பணம் எடுத்திருந்தால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் ஏரியா சபையில் கேளுங்கள். ஜமாஅத்தில் நாலு பேர் கூடும்போது வார்டுத் தீர்மானங்களைப் படித்துக் காட்டுங்கள்.

வணிகப் பெருமக்களே! லைசென்ஸ் தாமதம், வாடகை உயர்வு என்று தனித்தனியே புலம்பிப் பயனில்லை. சங்கம் மூலம் இந்தக் கோரிக்கைகளை எழுத்தில் கொடுங்கள். எல்லாச் சமுதாயத்து வியாபாரிகளையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். வரி எல்லோரும் கட்டுவதுதானே!

மென்பொருள் தானாக நேர்மையைக் கொண்டுவராது. அதில் எதைப் போட வேண்டும் என்று கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. வரி ரசீது ஒரு நிமிடத்தில் வருகிறது. செலவுக் கணக்கும் அப்படியே வரட்டும்!