யாருடைய எட்டு சதவீதம்?

அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் என்.எஸ்.க்யூ.ஐ.பி. அறுவை ரிஸ்க் கால்குலேட்டர் 2013-இல் வெளியானது. 393 மருத்துவமனைகளின் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் அதற்கு அடித்தளம். அதன் சி-ஸ்டாட்டிஸ்டிக் இறப்புக்கு 0.94, சிக்கல்களுக்கு 0.82. இந்த 0.94-ஐப் பார்த்துவிட்டு "நூற்றுக்கு 94 சரியாகச் சொல்கிறது" என்று எடுத்துக்கொள்பவர்கள் நம்மில் நிறைய பேர். அந்த எண்ணுக்கு அது பொருளே அல்ல.

இறந்த ஒருவரையும் பிழைத்த ஒருவரையும் இணையாக எடுத்தால், இறந்தவருக்கு அதிக ரிஸ்க் கொடுத்திருந்த இணைகள் நூற்றுக்கு 94 என்பதுதான் பொருள். அது வரிசையை மட்டும் பார்க்கும். மூன்று நோயாளிகளுக்கு 2, 4, 10 சதவீதம் என்று வருவதை 4, 8, 20 என்று இரட்டிப்பாக்கினாலும் சி-ஸ்டாட்டிஸ்டிக் இம்மியும் மாறாது. ஆனால் ஒப்புதல் படிவத்தோடு நிற்கும் மகனிடம் நாம் சொல்வது வரிசையை அல்ல, "எட்டு சதவீதம்" என்ற எண்ணை. அந்த எண் மெய்யா என்பதை, சொன்ன சதவீதமும் உண்மையில் நடந்ததும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் கேலிபரேஷன்தான் சொல்லும். இன்னொன்று: குடலிறக்கமும் கணைய அறுவையும் ஒரே தொகுப்பில் கலந்திருந்தால் ரிஸ்க்கைப் பிரித்துக் காட்டுவது எளிது. ஒரே அறுவைக்குள் இரு நோயாளிகளைப் பிரிப்பதுதான் கடினம். நமக்கு வேண்டியதும் அதுதான்.

கேலிபரேஷன் நிலையாக நிற்பதில்லை. 1991-இன் போசம் (POSSUM) ரிஸ்க் மதிப்பெண், ரிஸ்க் குறைந்த நோயாளிகளில் இறப்பை மிகைப்படுத்தியதால் போர்ட்ஸ்மவுத் குழு 1998-இல் பி-போசத்தைக் கொண்டுவந்தது. இதய அறுவை மேம்பட மேம்பட 1999-இன் யூரோஸ்கோர் மிகையாகச் சொல்லத் தொடங்கியது. 2012-இல் இரண்டாம் பதிப்பு வந்தது. என்.எஸ்.க்யூ.ஐ.பி.யும் 2016-இல் தன் கணக்கைத் திருத்தியது.

கால்குலேட்டர் எதைக் கேட்பதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 44-இல் 54,215 பேரை ஆராய்ந்து 1999-இல் வெளிவந்த ஆய்வில், சீரம் அல்புமின் டெசிலிட்டருக்கு 4.6 கிராமுக்கு மேலிருந்து 2.1-க்குக் கீழே இறங்கும்போது 30 நாள் இறப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவிலிருந்து 29 சதவீதமாக ஏறியது. அப்படியிருந்தும் 2013-இன் கால்குலேட்டரில் அல்புமினுக்கு இடமில்லை. குடலில் ஓட்டை விழுந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்றும் அது கேட்பதில்லை. டியோடினம் ஓட்டைக்காக ஹாங்காங்கில் போய் (Boey) என்பவரின் குழு உருவாக்கிய மதிப்பெண் கேட்பது மூன்றே கேள்விகள்: அதிர்ச்சி நிலை உண்டா, பெரிய உடன்நோய் உண்டா, 24 மணி நேரம் தாண்டிவிட்டதா? இரண்டு நாள் வயிற்று வலியை மாத்திரையில் அடக்கிவிட்டு வரும் கூலித் தொழிலாளிக்கு மூன்றாவது கேள்விதான் உயிர்.

அதனால் கால்குலேட்டரை ஒதுக்கச் சொல்லவில்லை. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் 274 மருத்துவமனைகளில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், சார்ட் (SORT) என்ற ரிஸ்க் கருவியின் கணிப்போடு மருத்துவக் குழுவின் சொந்த மதிப்பீட்டையும் சேர்த்தபோது இரண்டும் தனித்தனியாகத் தந்ததைவிடக் கணிப்பு மேம்பட்டது. கருவியைத் திறக்கும் முன்பே மயக்க மருந்து நிபுணரும் அறுவை மருத்துவரும் தங்கள் மதிப்பீட்டைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். எண்ணைப் பார்த்த பிறகு எழுதும் மதிப்பீடு அந்த எண்ணின் நிழலாகிவிடும்.

அடுத்த வேலை பதிவேடு. முன்கூட்டிச் சொன்ன சதவீதம், 30-ஆம் நாள் உண்மையில் நடந்தது என்று இரண்டு பத்திகள் போதும். டிஸ்சார்ஜோடு கணக்கை மூடினால், வீட்டுக்குப் போய்ச் சீழ் பிடித்து வேறு மருத்துவமனையில் சேர்ந்தவர் நம் கணக்கில் நலமாகவே இருப்பார். தொலைபேசியில் அழைத்துக் கேட்டே ஆகவேண்டும். ஒரு யூனிட்டின் ஐம்பது, அறுபது பேரை வைத்துக் கால்குலேட்டர் சரி, தவறு என்று தீர்ப்பு எழுதவும் முடியாது. இரண்டு சதவீத இறப்பில் அறுபது பேருக்கு எதிர்பார்ப்பது ஒன்றோ இரண்டோதான். ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் அது தற்செயலாகவே இருக்கலாம். பல மருத்துவமனைகள் ஒரே வரையறையில், தையல் கசிவு என்றால் எது, நிமோனியா என்றால் எது என்று முன்பே பேசி முடிவுசெய்து, பதிவுகளைச் சேர்த்தால்தான் நம் நோயாளிகளுக்கான திருத்தத்தைக் கணக்கிட முடியும்.