பட்டமா, பெயரா?

சில நாட்களுக்கு முன் ஒரு வாலிபத் தோழர் நம்மிடம் வந்து ஒரு சங்கதி கேட்டார். அவர் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குக் கதை எழுதிக் கொடுக்கும் வேலையில் இருப்பவர். நம்மில் வயது சென்ற தோழர்கள் சிலருக்கு இந்த விளையாட்டு இன்னதென்று தெரியாமலிருக்கலாம். இது சீட்டாட்டம், சதுரங்கம் போன்றதல்ல. நாடகத்தில் வேஷக்காரன் மேடைமேல் நடிக்கிறான், நாம் கீழே உட்கார்ந்து பார்க்கிறோம். இதிலோ திரையில் தோன்றும் வேஷக்காரனை விளையாடுகிறவனே நடத்துகிறான். அவன் கை அசைத்தால் இவன் நடப்பான், ஓடுவான், சண்டை போடுவான், சாவான், மறுபடியும் எழுந்து வருவான். ஆகவே அந்தப் பாத்திரத்துக்கு என்ன பெயரோ அந்தப் பெயரிலேயே நம் பிள்ளைகள் நாள் கணக்கில் குடியிருக்கிறார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

தோழர் கேட்டது இதுதான்: வெள்ளைக்காரர்கள் செய்யும் விளையாட்டுகளில் பல பாத்திரங்களுக்குக் குடும்பப் பெயரையே சொந்தப் பெயராக வைத்துவிடுகிறார்கள். இங்கிலீஷ் படித்த சில கனவான்கள், "இது பெயரே அல்ல, இது வம்சப் பட்டம், இதைக் கொண்டுபோய் ஆளுக்குப் பெயராக வைக்கலாமா?" என்று பரிகாசம் செய்கிறார்கள். அப்படி வைப்பது சரியா? சரியென்றால் நாமும் நம் கதைகளில் அவ்விதம் செய்தால் என்ன?

முதற் கேள்விக்கு நம் பதில் சுருக்கமானது. பெயருக்கு என்று ஆகாசத்திலிருந்து இறங்கி வந்த சட்டம் ஒன்றும் கிடையாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதற்கு ஒரு சப்தம் வேண்டும், அவ்வளவுதான். இங்கிலீஷ்காரனுடைய குடும்பப் பெயர்தான் எங்கிருந்து வந்தது? கொல்லன் வேலை செய்தவன் ஸ்மித், துணி தைத்தவன் டெய்லர், பீப்பாய் செய்தவன் கூப்பர், வண்டி ஓட்டியவன் கார்ட்டர். இன்ன ஊரான் என்பதற்காக லிங்கன். இப்படித் தொழிலும் ஊரும் அப்பன் பேருமாகச் சேர்ந்து உண்டான குப்பைதான் அது. அந்தக் குப்பையிலிருந்து ஒன்றைப் பொறுக்கிக் குழந்தைக்குச் சொந்தப் பெயராக வைத்தால் எந்த சாஸ்திரம் கெட்டுப்போகும்?

இது இன்று நேற்று வந்த வழக்கமும் அல்ல. 1605-ம் வருஷத்தில் அச்சான தன் புத்தகத்திலேயே வில்லியம் காம்டன் என்ற சரித்திரக்காரர், இந்தக் காலத்தில் குடும்பப் பெயர்களை ஞானஸ்நானப் பெயர்களாக வைக்கிறார்கள் என்றும், மற்றக் கிறிஸ்தவ தேசங்களில் இது இல்லை என்றும் குறித்து வைத்திருக்கிறார். 1554-ல் தலை வெட்டுண்ட கில்ட்போர்டு டட்லி என்பவரைப் பற்றிச் சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். அவர் தாயார் பிறந்த குடும்பத்தின் பெயர் கில்ட்போர்டு, அதையே மகனுக்குச் சொந்தப் பெயராக வைத்தார்கள். எதற்காக? "இவன் அப்பன் வழியில் மட்டுமல்ல, அம்மா வழியிலும் பெரிய இடத்துப் பிள்ளை" என்று ஊருக்குத் தம்பட்டம் அடிப்பதற்காக. பிறகு அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த பண்ணைக்காரக் குடும்பங்களும் இதையே மிகவும் பிரியமாகக் கைக்கொண்டன. ஆக, இவ்வழக்கத்தின் ஒரு வேர் வம்சத் திமிர் என்பதை நாம் மறைக்கவில்லை.

ஆனால் அதே தென்பகுதியில் அதே வழக்கத்துக்கு வேறொரு கதையும் உண்டு. அதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

அடிமைக்குக் குடும்பப் பெயர் ஏது? மாட்டுக்கு வைப்பது போல ஒரு பெயர், அவ்வளவே. 1856-ல் விர்ஜீனியாவில் ஓர் அடிமைத் தாய்க்கு ஒரு பிள்ளை பிறந்தது. தகப்பன் இன்னார் என்று தெரியாத வெள்ளைக்காரன். பிள்ளையை "புக்கர்" என்று கூப்பிட்டார்கள். புக்கர் என்பது ஒரு இங்கிலீஷ் குடும்பப் பெயர். புத்தகம் எழுதுகிறவன் என்று சிலரும், துணி வெளுக்கிறவன் என்று சிலரும் அதற்குப் பொருள் சொல்லுகிறார்கள். (நம்மூராயிருந்தால் முதற்பொருளைக் கொண்டு வீட்டுக்குள் விடுவதா, இரண்டாம் பொருளைக் கொண்டு வாசலிலேயே நிறுத்துவதா என்று ஒரு சபை கூடியிருக்கும்!) அடிமைத்தளை நீங்கிய பிறகு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. வாத்தியார் ஆஜர் எடுக்கும்போது மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இரண்டு பெயர், மூன்று பெயர் சொல்லுகிறார்கள். இவனுக்கோ இருப்பது ஒன்றே ஒன்று. தன் முறை வந்ததும் பையன் கொஞ்சமும் தயங்காமல் "புக்கர் வாஷிங்டன்" என்று சொல்லிவிட்டான். வாத்தியாரும் எழுதிக்கொண்டார். பிற்காலத்தில் நீக்ரோக்களின் கல்விக்காகப் பெரிய கலாசாலையை நடத்திய புக்கர் டி. வாஷிங்டன் அவர்தான். தன் சரித்திரத்தில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

வாஷிங்டன் என்ற பெயரை அவர் எங்கிருந்து எடுத்தார்? அவர் தாயார் பின்னால் மணந்துகொண்ட புருஷனுடைய பெயர் வாஷிங்டன் பெர்குசன். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியும், நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தவருமான ஜெனரலுடைய குடும்பப் பெயர், ஓர் அடிமையின் சொந்தப் பெயராகி, அந்த அடிமை வளர்த்த பிள்ளைக்கு மறுபடியும் குடும்பப் பெயராயிற்று! 2000-ம் வருஷத்து அமெரிக்க ஜனக்கணக்கில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயருள்ளவர்களில் 100-க்கு சுமார் 90 பேர் கறுப்பு மக்கள். எஜமான் ஜாதியின் பெயரை அடிமை ஜாதி எடுத்துத் தன்னுடையதாக்கிக்கொண்டது. இதில் எது வம்சம், எது பட்டம், எது சொந்தப் பெயர் என்று மேற்படி கனவான்கள் பிரித்துக் காட்டட்டும் பார்ப்போம்.

நிற்க, விளையாட்டுக்கு வருவோம். 2013-ல் வெளிவந்த "பயோஷாக் இன்பினிட்" என்ற விளையாட்டில் கதாநாயகன் பெயர் புக்கர் டிவிட். மேற்சொன்ன பெரியவரை நினைத்துத்தான் இந்தப் பெயர் வைத்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் கதை நம்மவர்கள் கேட்கவேண்டிய கதை. 1912-ம் வருஷம், ஆகாயத்தில் மிதக்கும் ஒரு பட்டணம். அங்கே வெள்ளைத்தோல் உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதே வேதம். ஜனாதிபதி வாஷிங்டனைக் கடவுளாக்கிக் கும்பிடுகிறார்கள். அடிமைகளை விடுவித்த லிங்கனை ராட்சசனாக்கி, அவரைச் சுட்டுக்கொன்றவனைப் பூஜிக்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். பட்டணத்துக்கு அதிபதி காம்ஸ்டாக் என்ற தீர்க்கதரிசி.

இந்தத் தீர்க்கதரிசி யார்? அதுதான் கதையின் முடிச்சு. 1890-ல் ஊண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் அந்நாட்டுப் பூர்வகுடிகளைப் பெண் பிள்ளை என்று பாராமல் சுட்டுத் தள்ளினார்கள். இது சரித்திரத்தில் நடந்த கொடுமை. அந்தப் படையில் இருந்தவன் கதையில் வரும் புக்கர். செய்த பாவம் நெஞ்சை அறுக்க, ஞானஸ்நானம் செய்து வைக்கும் பாதிரியிடம் போகிறான். அந்த இடத்தில் கதை இரண்டு கிளையாகப் பிரிகிறது. ஒரு கிளையில், "ஒரு முழுக்கில் பாவம் போய்விடுமா?" என்று திரும்பி நடந்துவிடுகிறான். அவன் புக்கராகவே, குடித்து, கடன்பட்டு, மனச்சாட்சியின் உறுத்தலோடு வாழ்கிறான். இன்னொரு கிளையில் முழுக்குப் போடுகிறான். பாதிரி கையால் புதுப்பெயர் பெற்று எழுந்திருக்கிறான். அந்தப் புதுப்பெயர்தான் காம்ஸ்டாக்! பாவம் கழுவப்பட்டது என்று நம்பினவன் கொஞ்சமும் கூச்சமில்லாமல் தீர்க்கதரிசியாகிவிடுகிறான்; கழுவாதவன் மனிதனாகவே இருக்கிறான்.

நாம் கும்பகோணம் மகாமகத்தைப் பற்றியும் கங்காஸ்நானத்தைப் பற்றியும் எத்தனை வருஷமாகத் தொண்டை வறளப் பேசினோம்? அதையே வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்துவிட்டான் ஒருவன். புரோகிதன் கொடுத்த பெயர் கெட்டது, வெளுப்பவன் பெயரோ எழுதுபவன் பெயரோ ஏதோ ஒரு பெயர் தேவலாம் என்று முடிகிறது அந்தக் கணக்கு.

அல்லாமலும், 2016-ல் வந்த "மாபியா 3" என்ற விளையாட்டில் 1968-ம் வருஷத்துக் கதை வருகிறது. கதாநாயகன் கறுப்பினத்து அனாதை, வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பினவன். பெயர் லிங்கன் கிளே. ஜனாதிபதியின் குடும்பப் பெயர் இவனுக்குச் சொந்தப் பெயர். கிளே என்பதோ, குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி 1964-ல் "இது அடிமைப் பெயர், எனக்கு வேண்டாம்" என்று உதறித் தள்ளிய அதே பெயர். ஜப்பானியர் 1997-ல் வெளியிட்ட "பைனல் பேண்டஸி 7"-ல் பாரட் வாலஸ் என்று ஒருவன் வருகிறான். பாரட்டும் குடும்பப் பெயர், வாலஸும் குடும்பப் பெயர், ஆளுக்கென்று தனியாக ஒன்றுமேயில்லை! ஜப்பானியரைக் கேலி செய்ய இடமில்லை. அவர்கள் நாட்டில் 1870 வரை சாதாரண ஜனங்கள் குடும்பப் பெயரைப் பகிரங்கமாக வழங்க அனுமதி கிடையாது. அது உயர்ந்தோர் சொத்து. 1875-ல் எல்லோரும் வைத்துக்கொண்டே தீரவேண்டும் என்று உத்தரவாயிற்று. ஐந்தே வருஷத்தில் உயர்ந்தோர் சொத்து எல்லோர் தலையிலும் ஏறிவிட்டது.

நம் தமிழர்களுக்கு ஆதியில் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து, தன் பெயர், அதோடு சரி. அதனால்தானோ என்னவோ, பிறத்தியார் குடும்பப் பெயரைச் சொந்தப் பெயராக வைப்பதில் நம்மவர் யாருக்கும் இளைத்தவரல்ல. காந்தி என்பது குஜராத்தில் மளிகை வியாபாரியைக் குறித்த குடும்பப் பெயர். நேரு என்பது கால்வாய்க்கரையில் வீடு இருந்ததால் வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். நம் நாட்டில் காந்தி என்றும் நேரு என்றும் போஸ் என்றும் பெயருள்ள எத்தனையோ பேர் மளிகைக் கடையையும் கண்டதில்லை, டில்லிக் கால்வாயையும் கண்டதில்லை. நம் இயக்கத்தார் வீடுகளிலோ இங்கர்சால், ரூசோ, லெனின், ஸ்டாலின். 1953-ல் பிறந்த மகனுக்குக் கலைஞர் கருணாநிதி ஸ்டாலின் என்று பெயரிட்டது உலகமறிந்தது. ராமனும் கிருஷ்ணனும் புகுந்திருந்த வீட்டில் ஓர் அமெரிக்க நாஸ்திகருடைய குடும்பப் பெயர் வந்து உட்கார்ந்ததே, அதற்கு எந்த ஐயர் நாள் பார்த்துக் கொடுத்தார்?

இதுவரை கேட்டுக்கொண்டிருந்த வாலிபத் தோழர் மெள்ளத் தன் கைப்பிரதியை எடுத்து நீட்டினார். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடக்கும் கதை. கதாநாயகனுக்குச் சொந்தப் பெயரென்று எதுவும் இல்லை; அவன் ஜாதிப் பட்டமே அவன் பெயர். "இங்கிலீஷ்காரன் செய்வதைத்தானே நானும் செய்திருக்கிறேன், நீங்களும் அது சரியென்று இவ்வளவு நேரம் சொன்னீர்களே!" என்றார்.

இங்கேதான் நாம் அவரோடு சண்டை போட வேண்டியதாயிற்று. ஸ்மித் என்று பெயருள்ளவனுக்குக் கொல்லன் வீட்டில்தான் பெண் எடுக்கவேண்டும் என்று இங்கிலாந்தில் இன்று கட்டாயமுண்டா? டெய்லர் என்பவன் கிணற்றில் இறங்கினால் தண்ணீர் தீட்டாகுமா? அந்தப் பட்டங்கள் செத்து, சப்தம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. செத்த பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு குழந்தை விளையாடலாம். நம் பட்டங்கள் செத்துவிட்டனவா? ஓர் ஆதி திராவிடத் தோழர் தன் குழந்தைக்கு லிங்கன் என்று பெயர் வைத்தால் ஊரில் ஒருவன் திரும்பிப் பார்க்கமாட்டான். அதே குழந்தைக்கு "ஐயர்" என்றோ, அந்த ஊரில் நிலமும் கம்பும் வைத்திருக்கிற ஜாதியின் பட்டத்தையோ சொந்தப் பெயராக வைத்துத் தெருவில் நின்று உரக்கக் கூப்பிடட்டும். என்ன நடக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. எல்லோரும் எடுத்து வைத்துக்கொள்ளக்கூடியது எதுவோ அது பெயர். ஒருவன் மட்டும் வைத்திருக்க, மற்றவன் தொட்டால் உதை விழுவது எதுவோ அது பட்டம்.

பெயரில் உயர்வு தாழ்வு வைத்தது தெரியாமல் நடந்த காரியமல்ல. பிராமணன் பெயர் மங்களத்தையும், க்ஷத்திரியன் பெயர் பலத்தையும், வைசியன் பெயர் பொருளையும், சூத்திரன் பெயர் இழிவையும் குறிக்கவேண்டும் என்று மனுதர்மம் இரண்டாம் அத்தியாயத்தில் விதித்திருக்கிறது. அதனால்தான் 1927-ம் வருஷக் கடைசியில் "குடி அரசு" தன் ஆசிரியர் பெயரிலிருந்த நாயக்கர் பட்டத்தை எடுத்தெறிந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு மகாநாடு ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தது. இவ்வளவுக்குப் பிறகும் 1992-ல், ஒரே வருஷத்தில், "சின்னக் கவுண்டர்" என்றும் "தேவர் மகன்" என்றும் சினிமாக்காரர்கள் பட்டத்தைக் கொட்டகை வாசலில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்தார்கள். சினிமாவையாவது இரண்டரை மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்து வருகிறோம். விளையாட்டில் பிள்ளை அந்தப் பட்டமாகவே மாறி, அதன் பேரால் அதிகாரம் செய்து, கீழே இருப்பவனை அடித்து ஜெயித்துப் பழகுகிறான். எது அதிகமாக ஊறும்?

தோழர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, கதாநாயகன் பெயரை இங்கர்சால் என்றோ வேறு எப்படியோ மாற்றிவிடலாம், அது பெரிய வேலையில்லை என்றார். நாம் கைப்பிரதியை மறுபடி புரட்டினோம். கதாநாயகனோடு முதலிலிருந்து கடைசி வரை ஒருவன் வருகிறான். மூட்டை தூக்குகிறான், விளக்குப் பிடிக்கிறான், கடைசியில் எஜமானுக்காகக் குண்டடி பட்டுச் சாகிறான். அவன் பேசும் இடங்களிலெல்லாம் "பண்ணையாள்" என்று மட்டும் எழுதியிருந்தது. இவன் பெயர் என்ன என்று கேட்டோம். இன்னும் வைக்கவில்லை என்றார். முதலில் அவனுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு வாருங்கள், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினோம்.