கறுப்பும் கடுமையும்

பெங்களூருவின் பீர் விடுதிகளில் ஸ்டவுட் கேட்பவரை உடனிருப்போர் சற்று மிரட்சியோடு நோக்குவதுண்டு. நிறம் கறுப்பு, ஆகவே போதை மிகுதி என்பது அவர்கள் கணிப்பு. உண்மை வேறு. கின்னஸ் டிராஃப்ட் ஸ்டவுட்டின் ஆல்கஹால் அளவு ஏறத்தாழ 4.2 விழுக்காடு. இந்நாட்டில் மிகுதியாக விற்கும் 'ஸ்ட்ராங்' வகைகளோ 8 விழுக்காட்டைத் தொடக்கூடியவை. அவை பெரும்பாலும் பொன்னிறத்தவை!

கறுமை ஆல்கஹாலால் வருவதன்று, வறுத்த பார்லியால் வருவது. காப்பிக்கொட்டையைக் கருக வறுப்பது போலத்தான். 1817இல் டேனியல் வீலர் மால்ட்டை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றபின், சிறிதளவு கருமால்ட்டே அண்டா முழுவதையும் கறுக்கச் செய்யப் போதுமானதாயிற்று.

குழப்பத்தில் மொழிக்கும் பங்குண்டு. ஆங்கில 'லைட்' வெளிர்நிறம், எடைக்குறைவு, வீரியக்குறைவு ஆகிய மூன்றையும் ஒருங்கே சுமக்கிறது. வெளிர், இலேசு, மென்மை எனத் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருந்தும், விடுதிக்குள் நுழைவோர் அவற்றைச் செருப்போடு வாசலில் விட்டுவிடுகின்றனர்.

ஸ்டவுட்டின் கருகல் கசப்புப் பிடிக்கவில்லை என்பவரோடு வாதிட ஏதுமில்லை. மே மாத வெயிலில் குளிர்ந்த பில்ஸ்னரை நாடுவதும் இயல்பே. ஆனால், கறுப்பை அருந்துவதாலேயே தம் சுவையறிவு உயர்ந்துவிட்டதாகக் கருதும் ஆய்வு மாணவர்களும் உளர். அவர்களும் கண்ணால் அளப்பவர்களே. ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸ்பியர் கரிய நிறத்து லாகர். நாவிலோ இலேசாக இறங்கும். அதற்கு இவ்விரு சாராரும் இன்னும் இடம் ஒதுக்கவில்லை.