ஒலிப்பதிவு வகுப்புக்கு ஆசிரியர் எங்கே?

பத்தாவது தேறிய பையனை அடுத்து எதில் சேர்ப்பது என்ற கேள்வி ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் நம்மவர் வீடுகளில் எழுகிறது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பி.யு.சி. என்று வழக்கமான பதில்கள் உண்டு. இப்போதெல்லாம், "சவுண்ட் என்ஜினீயரிங் படிக்கிறேன்" என்று சொல்லும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் குடியிருக்கும் தகப்பனாருக்கு இது சினிமா மோகமாகத் தோன்றும். அப்படி ஒதுக்கிவிடத் தேவையில்லை. லேத் மெஷினைப் போல இதுவும் கௌரவமான கைத்தொழில்தான். ஆனால் அதைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரை நாம் எந்த நிலையில் வைத்திருக்கிறோம் என்பதுதான் கவலை தரும் விஷயம்.

இந்தப் படிப்பு பெங்களூருக்குப் புதிதல்ல. 1943-ல் இங்கே தொடங்கிய ஸ்ரீ ஜெயசாமராஜேந்திர பாலிடெக்னிக்கில் திரைப்படத் தொழில்நுட்பம் அந்தக் காலத்திலேயே பாடமாயிற்று. அங்கே ஒளிப்பதிவு படித்து 1946-ல் வெளிவந்த வி.கே. மூர்த்திதான் இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமான 'காகஸ் கே பூல்' (1959) படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். 2008-ம் ஆண்டுக்கான தாதா சாகேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தது. புனேயில் பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் 1960-ல் மத்திய அரசு தொடங்கிய திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு பயின்றவர் ரசூல் பூக்குட்டி. கேரளத்தில் எளிய குடும்பத்தில் பிறந்த அவர் 2009-ல் ஆஸ்கார் பரிசு வாங்கினார். இருவரும் அரசாங்கப் பணத்தில் நடந்த கல்விக்கூடங்களில் உருவானவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஒலிப்பதிவைக் கற்பிப்பது எத்தகைய வேலை? ஓர் உதாரணம் சொன்னால் புரியும். மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக் வைக்கிறோம். ஒரு பக்கம் தட்டும்போது அந்தத் தோல் உள்ளே போகிறது. உள்ளிருக்கும் காற்று தள்ளுவதால் மறுபக்கத் தோல் வெளியே வருகிறது. எனவே இரண்டு மைக்குகளுக்கும் எதிரெதிரான அலைகள் போய்ச் சேருகின்றன. இரண்டையும் அப்படியே கலந்தால், ஒன்றை ஒன்று விழுங்கி, மிருதங்கத்தின் கனத்த நாதம் மெலிந்துவிடும். ஒரு மைக்கின் அலையைத் தலைகீழாக மாற்றும் பொத்தானை அழுத்தினால் போன நாதம் திரும்பி வரும். இதைக் கரும்பலகையில் அரைமணி நேரம் வரைந்து காட்டலாம். ஆனால் பையன் தன் காதால் கேட்டு, "அடடா!" என்று நிமிரும்போதுதான் பாடம் முடிகிறது. பக்கத்தில் இருந்து கேட்க வைக்க ஓர் ஆசிரியர் வேண்டும். கலவை மேஜைக்கு முன்னால் சரியாகக் கேட்கும் இடத்தில் ஒரு நேரத்தில் இரண்டொருவர்தான் உட்கார முடியும். ஐம்பது பேரை வைத்து நடத்தும் வகுப்பல்ல இது.

கருவிகளும் மாறிவிட்டன. டேப்பில் ஒலியின் அளவு கொஞ்சம் மீறினால், அது மெல்ல அமுங்கிப் பதிவாகும். கம்ப்யூட்டர் பதிவிலோ எல்லை தாண்டிய ஒலி கத்தியால் சீவியதுபோல் வெட்டுப்பட்டு, கேட்கச் சகிக்காமல் போகிறது. நேற்று டேப்பில் தேறிய ஆசிரியர் இன்று மறுபடியும் மாணவராக வேண்டியிருக்கிறது. அதற்கு அவகாசமும் சம்பளமும் கொடுப்பது யார்?

இங்கேதான் சிக்கல். அரசுக் கல்லூரிகளில் நிரந்தர இடங்களை நிரப்பாமல், 'அதிதி உபன்யாசகர்' என்று விருந்தாளிப் பெயர் சூட்டித் தற்காலிகமாக ஆள் எடுப்பது வழக்கமாகிவிட்டது. 2023-ம் ஆண்டு இறுதியில் கர்நாடக அரசுக் கல்லூரிகளின் விருந்தினர் விரிவுரையாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். வரலாறும் வணிகவியலும் போதிப்பவர்களுக்கே இந்தக் கதி என்றால், ஒலிப்பதிவுக்கு வரும் ஆசிரியரின் நிலையைக் கேட்க வேண்டுமா? ஸ்டூடியோவில் ஒரு நாள் வேலை வந்தால் அவர் அதற்குத்தான் ஓடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. நஷ்டம் பிள்ளைகளுக்கு.

இன்னொரு தடை, பட்டம். முப்பது வருஷம் ஸ்டூடியோவில் காது தீட்டிய மனிதரிடம் முதுகலைச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் வைத்திருப்பவர் மைக் பிடித்துப் பழகியதில்லை. இந்த முரண்பாட்டைப் பல்கலைக்கழக மானியக் குழு உணராமல் இல்லை. அனுபவசாலிகளைப் பட்டம் கேட்காமலே பேராசிரியராக அமர்த்திக்கொள்ள 2022-ல் வழி செய்தது. குறைந்தது 15 வருஷ அனுபவம் வேண்டும்; அனுமதிக்கப்பட்ட இடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது; மொத்தத்தில் 4 ஆண்டுகள்தான் இருக்கலாம் என்பவை நிபந்தனைகள். நல்ல ஏற்பாடு. ஆனால் மூன்று வருஷ டிப்ளமோவுக்கு 4 ஆண்டு ஆசிரியர் எந்த மூலைக்கு? ஓர் அணியை முழுமையாகத் தேற்றுவதற்கும் அவர் மூட்டை கட்டுவதற்கும் சரியாக இருக்கும். தொழில் படிப்புகளிலாவது இந்த வரம்பை நீட்ட வேண்டும்.

பட்டம் வேண்டாம் என்றால் வேண்டியவர்களையெல்லாம் உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். நியாயமான பயம்தான். அதற்கு மருந்து பகிரங்கமான சோதனை. ஒரு பாட்டுக் கச்சேரியைத் தேர்வாளர்கள் முன்னிலையில் பதிவு செய்யட்டும். பிறகு நான்கு மாணவர்களுக்கு அதை விளக்கட்டும். ஏனெனில் நன்றாகப் பதிவு செய்கிற எல்லோரும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள் என்பதற்கில்லை. விஞ்ஞானம் படித்த ஆசிரியர் ஒருவரும் தொழில் தெரிந்த ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து வகுப்பு நடத்தினால் இரண்டு குறையும் தீரும்.

அரசு இதைச் செய்யாவிட்டால் என்ன நடக்கும்? பணக்காரப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் கட்டித் தனியார் நிலையங்களில் சேருவார்கள். நம் பிள்ளைகளும் நகையை அடகு வைத்துச் சேருவார்கள். அப்படிச் சேர்க்கும் பெற்றோர் பளபளப்பான விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நேரில் போய் நான்கு கேள்விகள் கேளுங்கள். பாடம் நடத்துபவர் யார், அவர் பதிவு செய்த வேலை ஏது? வாரத்தில் எத்தனை மணி நேரம் பையன் தன் கையால் கருவியைத் தொடுவான்? ஒரு மேஜைக்கு எத்தனை மாணவர்? தமிழிலோ கன்னடத்திலோ படித்து வந்த பையனுக்குப் புரியும் பாஷையில் விளக்குவார்களா? பதில் வழுக்கினால் பணத்தைக் கட்டாமல் திரும்பி விடுங்கள்.

சினிமா கிடைத்தால்தான் பிழைப்பு என்பதும் இல்லை. கோவில் திருவிழா, தேவாலயம், கல்யாண மண்டபம், பொதுக்கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒலி தெரிந்த ஆள் தேவை. பேச்சாளர் வாய் திறந்ததும் மைக் கூவுகிற கொடுமையை அனுபவிக்காதவர் உண்டா?

கருவி வாங்கப் பணம் ஒதுக்குவது சுலபம். அதைத் திறந்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியருக்கு நிரந்தரச் சம்பளம் கொடுத்தால் படம் எடுக்க ஒன்றுமில்லை. ஆனால் மெஷின் தானாகப் பாடம் சொல்லாது. 1943-ல் பெங்களூர் காட்டிய அக்கறையை இன்றைய அரசும் காட்ட வேண்டும். முதல் வேலையாக, காலியாக உள்ள ஒலிப்பதிவு ஆசிரியர் இடங்களை நிரந்தரமாக நிரப்பட்டும்.