கேட்காமல் வரும் பொதிகள்

லினக்ஸ் பாவிக்கும் எம்மவர் இங்கே ரொறன்ரோவில் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு இது: "ஒன்றைத்தான் புதுப்பிக்கச் சொன்னன், அது பத்தைக் கொண்டுவந்து இறக்குது." சிலர் வாசிக்காமலே 'ஆம்' என்று தட்டுகிறார்கள். சிலர் பெயர் தெரியாததையெல்லாம் குப்பை என்று நீக்கப் போகிறார்கள். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

அந்தப் பட்டியலில் ஹார்ஃப்பஸ் என்றொரு பெயர் அடிக்கடி வரும். யாரும் கேட்டு நிறுவுவதில்லை. ஆனால் நீங்கள் 'கொ' என்று எழுதினால், கணினி முதலில் 'க'வையும் பிறகு ஓர் உயிர்க்குறியையுமே சேமிக்கிறது. திரையில் கொம்பை முன்னுக்கும் அரவைப் பின்னுக்கும் கொண்டுபோய் வைப்பது ஹார்ஃப்பஸ்தான். லிப்ரே ஆபீஸ் அதை நம்பியிருக்கிறது. க்னோம் மேசைத்தளமும் பாங்கோ வழியாக அதையே நம்பியிருக்கிறது. நீக்கச் சொல்லிப் பாருங்கள், பாதி மேசைத்தளத்தையும் சேர்த்து நீக்கவா என்று கேட்கும்! இதை முன்னின்று எழுதிய பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் ஈரானில் பிறந்து, எங்கள் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். பெயரும் பாரசீகம்தான்.

அப்படியென்றால் வருவதையெல்லாம் நம்பலாமா? அதுவும் இல்லை. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன் எஸ்எஸ்எச்சுக்கு, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகம் தேவையே இல்லை. டெபியன், ஃபெடோரா போன்றவை சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்லவென்று ஒரு நூலகத்தை அதில் ஒட்டின. அந்த நூலகத்தின் பின்னால் எக்ஸ்இசட்டும் வந்துவிட்டது. அந்த வழியால்தான் எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக்கதவு வைத்தார்கள். உள்நுழைய அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்துத் தோண்டிய ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்ட் 2024 மார்ச் 29 இல் அதை வெளிப்படுத்தினார். இல்லாவிட்டால் அது உலகமெங்குமுள்ள சேவையகங்களுக்குப் போயிருக்கும்.

ஆகவே 'ஏன்' என்று கேளுங்கள். டெபியன், உபுண்டுவில் ஆப்டிடியூட் என்ற கருவியை நிறுவி, 'வை' கட்டளையோடு பொதியின் பெயரைக் கொடுத்தால், எது அதை இழுத்து வந்தது என்று சங்கிலியைக் காட்டும். 'தேவை' என்றிருந்தால் விட்டுவிடுங்கள். வெறும் 'பரிந்துரை' என்றால் உங்கள் விருப்பம். இயல்பாக அவையும் நிறுவப்படுவதால்தான் பட்டியல் நீளுகிறது.

கேட்கவேண்டியது நாங்கள் மட்டுமல்ல. 2024 ஜூலையில் வந்த ஓப்பன் எஸ்எஸ்எச் 9.8, அந்த நூலகம் இல்லாமலே சிஸ்டம்டியுடன் தானே நேரடியாகப் பேசுகிறது.